அனுமதிக்கப்பட்ட ஏணி

என் அத்தானுக்கு நினைவு போனது ஏணியிலிருந்து விழுந்ததால். இதை நான் சொல்லவில்லை, இரண்டு முத்திரை, மூன்று கையெழுத்தோடு திரைப்படச் சான்றிதழ் வாரியம் சொல்லியிருக்கிறது. அத்தான் வாழ்நாளில் ஏணி ஏறியவர் அல்ல. ஸ்டூலில் ஏறி பல்பு மாட்டச் சொன்னாலே தலை சுற்றுகிறது என்று என்னைக் கூப்பிடுகிற ஆள். ஆனால் முத்திரை விழுந்த பிறகு இதையெல்லாம் பேசக் கூடாது. நான் பேசப்போகிறேன். இதை எழுதுவது பழிவாங்கத்தான், வேறு உயர்ந்த நோக்கம் எதுவும் எனக்கு இல்லை.

அத்தான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவராக இருந்தார். காதில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில் இருக்கும். ஒருநாள், காணாமல் போனவர்கள் எங்கே என்று கேட்கும் துண்டறிக்கை ஒன்று அச்சுக்கு வந்தது. எழுதியவர் யாரோ. அத்தான் செய்ததெல்லாம் அதிலிருந்த பதினோரு பிழைகளைத் திருத்தியதுதான். பிழையில்லாமல் இருந்ததால்தான் ஜனங்கள் அதை நம்பிவிட்டார்கள் என்று சொல்லி, அவரையும் அச்சக மெஷின்மேனையும் பிடித்துக்கொண்டு போனார்கள். மெஷின்மேன் ஒரு வருஷத்தில் வந்துவிட்டார். அத்தானை மூன்று வருஷம் கழித்து ஒரு மத்தியானம் வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். உடம்பு பாதியாகியிருந்தது. அக்காவைப் பார்த்து, "டெய்லர் கடை இதுதானேங்க?" என்று கேட்டார்.

அக்கா தையல்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. அன்றிலிருந்து அத்தான் தன் சொந்த வீட்டில் விருந்தாளி. சாயங்காலம் ஆனால் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு, "அப்ப நான் கிளம்பறேங்க, வீட்ல தேடுவாங்க" என்பார். அக்கா மெஷினை நிறுத்தாமலே, "டீ போட்டிருக்கேன், குடிச்சிட்டுப் போங்க" என்பாள். குடிப்பதற்குள் கிளம்ப வேண்டும் என்பது அவருக்கு மறந்துபோகும். இது தினமும் நடந்தது. டீ போட்டுப் போட்டே என் அக்கா ஒரு மனுஷனை வீட்டில் நிறுத்திவைத்திருந்தாள். 

எனக்குக் கல்யாண வீடியோ எடுக்கிற தொழில். இவர்கள் கதையைப் படமாக எடுக்கிறேன் என்றேன். "எடு. ஆனா பாக்கறவங்க பாவப்படற மாதிரி எடுக்காத, கோவப்படற மாதிரி எடு" என்றாள் அக்கா. இரண்டு நாடக நடிகர்கள், கடன் வாங்கிய விளக்குகள், ஒரு வருஷ உழைப்பு. படம் ஒரு மணி ஐம்பது நிமிஷம் வந்தது. முதலில் வீட்டுச் சுவரில் பெட்ஷீட் கட்டிப் போட்டுப் பார்த்தோம்.

அதில் அத்தானைக் கூட்டிப்போன நாள் காட்சி வரும். உள்ளது உள்ளபடி எடுத்தது. அவருடைய சட்டையில் பட்டன் விட்டுப்போயிருக்கிறது. அக்கா ஊசியில் நூல் கோக்கிறாள். வாசலில் வேன் வந்து நிற்கிறது. பனியனோடு இருக்கிற அத்தான், "நீ பட்டன் தைக்கிறதுக்குள்ள வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அவர்களோடு போகிறார். அவ்வளவுதான். இருட்டில் என் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"பட்டன் தைச்சாச்சா?"

அத்தான் அக்காவை நேராகப் பார்த்துக் கேட்டார். டெய்லரம்மாவைப் பார்க்கிற பார்வை இல்லை அது, பெண்டாட்டியைப் பார்க்கிற பார்வை. அக்காவுக்கு வாயே திறக்கவில்லை. அவள் பதில் சொல்வதற்குள் அந்தப் பார்வை போய்விட்டது. "டீ நல்லா இருந்துச்சுங்க" என்று எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு ஐந்து தடவை போட்டுப் பார்த்தோம், ஒன்றும் நடக்கவில்லை. மின்விசிறிக் காற்றில் பெட்ஷீட் ஆடியது, தெருவில் ஹாரன் அடித்தார்கள். அத்தானைப் பார்க்கிற டாக்டர் சொன்னார்: "பெரிய திரை, நல்ல இருட்டு, நல்ல சத்தத்தோட காட்டிப் பாருங்க. அந்தக் காட்சிதான் பிடி. விட்டுடாதீங்க." எங்கள் தெரு முனைத் தியேட்டர்காரரைக் கேட்டோம். "தாராளமா போடலாம். சான்றிதழ் மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க, இல்லன்னா என் லைசன்ஸ் போயிடும்" என்றார்.

இப்படித்தான் நானும் அக்காவும் வாரியத்துக்குப் போனோம்.

காத்திருக்கும் கூடத்தில் ஒன்பது நாள் உட்கார்ந்தோம். பார்ப்பதற்குச் சுவரில் மாட்டியிருந்த விதிப் பலகை ஒன்றுதான் இருந்தது. அக்கா அதை மனப்பாடமே செய்துவிட்டாள். பத்தாவது நாள் ஒரு படிவம் தந்தார்கள். ஒன்பதாவது கட்டத்தில், 'கதையில் நினைவிழப்பு உண்டா? உண்டெனில் காரணம் (ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கவும்): ஏணி, படிக்கட்டு, காய்ச்சல், விதி' என்று இருந்தது.

"இதுல எங்க காரணம் இல்லைங்களே" என்றாள் அக்கா.

படிவத்தைத் தந்த எழுத்தரை அங்கே எல்லோரும் இம்மி என்றுதான் கூப்பிட்டார்கள். எதிலும் இம்மி பிசக மாட்டார். "இல்லாத காரணத்துக்குக் கட்டம் கிடையாதும்மா" என்றார், வருத்தமோ நக்கலோ இல்லாமல்.

வாரியத்தில் மூன்று பேர். தலைவர், பண்பாட்டு உறுப்பினர், மருத்துவ உறுப்பினர். மருத்துவ உறுப்பினர் மாட்டு டாக்டர். படத்தை விளக்கைப் போட்டுக்கொண்டே பார்த்தார்கள். இருட்டில் பார்த்தால் படத்தில் மனம் ஒன்றிவிடும் ஆபத்து இருக்கிறதாம். முடிந்ததும் தலைவர் தொண்டையைச் செருமினார். நல்ல கனமான குரல், வெண்கலத்தில் தட்டினாற்போல. அது அவருக்கும் தெரியும்.

"நம்ம நாட்டுல ஒருத்தருக்கு நினைவு போற அளவுக்கு எங்கயும் எதுவும் நடக்கல. நடந்திருந்தா எனக்கு நினைவிருக்கும். என் ஞாபகசக்தி எப்படின்னு யாரை வேணா கேட்டுப் பாருங்க. இந்தப் பதவிக்கு முன்னாடி இருந்த பதவியிலயும் எனக்கு அதுக்காகவே பதக்கம் குடுத்தாங்க."

"என்ன பதவி சார்?" என்று நான் கேட்டேன், சும்மா மரியாதைக்கு.

"அது ரகசியம்" என்றார் தலைவர், பெருமையாக.

ஏணி என்று முடிவாயிற்று. ஏணியிலிருந்து விழும் காட்சியைப் புதிதாக எடுத்துச் சேர்க்க வேண்டும். உடனே பண்பாட்டு உறுப்பினருக்கு ஒரு சந்தேகம் வந்தது. "அது அரசாங்க ஏணியா இருந்தா?" அரசாங்க ஏணி வழுக்காது என்பதால், ஏணியில் 'தனியார்' என்று பெரிதாக எழுதச் சொன்னார்கள். அடுத்த வாரம் ஏணி செய்கிறவர்களின் மனம் புண்படுமே என்று கவலைப்பட்டு, 'இந்தக் காட்சியில் ஏணிமீது குற்றம் ஏதுமில்லை' என்று கீழே எழுத்து ஓட வேண்டும் என்றார்கள். எந்தப் படியிலிருந்து விழுந்தால் நினைவு போகும் என்று மருத்துவ உறுப்பினரைக் கேட்டார்கள். அவர் வெகுநேரம் யோசித்தார். "மாட்டை நான் ஏணியில ஏத்திப் பாத்ததில்ல. இருந்தாலும் அஞ்சாவது படின்னு வச்சுக்கலாம்." குறித்துக்கொண்டேன். ஏணி வாங்கி, நாடக நடிகரை ஐந்தாவது படியிலிருந்து விழவைத்து எடுத்தேன். அவருக்கு முட்டி பெயர்ந்ததுதான் மிச்சம், நினைவு நன்றாகவே இருந்தது.

பிறகு நீக்கங்களுக்கு வந்தார்கள். நாற்பத்தொன்று. அதற்குமுன் அந்த வாரியத்தின் உச்ச எண்ணிக்கை இருபத்தாறுதானாம். நாற்பத்தொன்று என்று கேட்டதும் தலைவர் முகம் மலர்ந்து, உறுப்பினர்களுக்குக் கைகொடுத்தார்.

அந்த வாரியத்தின் வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். எதை வெட்டினாலும் சான்றிதழில் விவரமாக எழுதிவிடுவார்கள். ஒரு காலத்தில் 'முத்தக் காட்சி நீக்கம்' என்று மொட்டையாக எழுதினார்களாம். படத்தில் மூன்று முத்தம் இருந்தது. தயாரிப்பாளர் ஒன்றை எடுத்துவிட்டு இரண்டை ஓட்டிவிட்டார். அன்றைக்குப் போட்டதுதான் பதினான்காம் விதி: நீக்கப்பட்ட ஒவ்வொரு காட்சியும், அதைப் பார்த்திராதவரும் படித்தவுடன் கண்முன் காணும் அளவுக்குத் துல்லியமாகச் சான்றிதழில் விவரிக்கப்பட வேண்டும். படம் தொடங்குமுன் சான்றிதழ் முழுவதும் திரையில் காட்டப்பட வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்காக உரக்க வாசிக்கவும் வேண்டும். மற்ற படங்களுக்கு அரைப் பக்கம் வரும், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

இம்மி பட்டியலோடு உட்கார்ந்தார். "நீக்கம் பதினேழு. வீட்டு வாசலில் வேன் வந்து நிற்பது. வேன் நம்பர் என்ன? படத்துல சரியாத் தெரியல."

அக்கா சொன்னாள். படத்தில் ஓடிய வேனின் நம்பர் அல்ல, அன்றைக்கு எங்கள் வாசலில் நின்ற வேனின் நம்பர். அவளுக்கு வேறெதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. இம்மி எழுதிக்கொண்டார்.

"சார், அந்தப் பதினேழை மட்டும் விட்டுடுங்க. மத்த நாப்பதையும் எடுத்துக்குங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். "அது எங்க வீட்டுக்காரருக்கு மருந்து சார்."

தலைவர் பொறுமையாக விளக்கினார். "ஒருத்தரைக் கூட்டிட்டுப் போறதைக் காட்டினா, அவரு எப்ப வருவாருன்னு பாக்கறவங்க கேப்பாங்க. இன்னிக்கு அவரு எப்ப வருவாருன்னு கேப்பாங்க, நாளைக்கு ஏன் கூட்டிட்டுப் போனீங்கன்னு கேப்பாங்க. எங்க போய் நிக்கும் சொல்லுங்க? மருந்துன்னா மருந்துக் கடையில வாங்குங்கம்மா."

அக்கா கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அந்த மூன்று பேரையும் அங்கேயே நாற்காலியோடு கவிழ்த்துவிடலாமா என்று எனக்கு வந்தது. தைரியம் வரவில்லை.

இம்மி வரிசையாகப் படித்துக்கொண்டே போனார். "நீக்கம் இருபத்தொன்பது. பச்சை நிறம் பூசிய அறையில், மேசைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் அதிகாரி ஒருவர்..."

"பச்சை இல்ல" என்றார் தலைவர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தவர், மூடியபடியே சொன்னார். "கீழ்ப்பாதி நீலம். மேல வெள்ளை."

"படத்துல பச்சைதான் சார் இருக்கு."

"படத்துல தப்பு. விதி பதினாலு என்ன சொல்லுது? துல்லியம். நீலம்னு போடுங்க. ஜன்னலும் கிடையாது."

அந்த அறையை நான் என் ஸ்டூடியோவில் செட்டாகப் போட்டேன். மெஷின்மேன் சொன்னதை வைத்து எடுத்தது. அவர் கண்ணைக் கட்டி வைத்திருந்ததால் பேச்சும் அடியும்தான் அவருக்குத் தெரியும், நிறம் தெரியாது. வீட்டு வாசல் கேட்டுக்கு அடித்து மிச்சமிருந்த பச்சைப் பெயிண்டை நான்தான் பூசினேன்.

அக்கா வாயிலிருந்து கைக்குட்டையை எடுத்து மடித்தாள். "மேசை எந்தப் பக்கம் சார் வரணும்?" என்று கேட்டாள். குரலில் அழுகை இல்லை.

"இடது பக்கம்."

"நாற்காலி?"

"ஒண்ணே ஒண்ணு. நிக்கிறவனுக்கு எதுக்கும்மா நாற்காலி?"

இம்மி எழுதி முடித்து, ஓரத்தில் 'திருத்தம்: தலைவர்' என்று போட்டு, சுருக்கொப்பத்துக்கு நீட்டினார். தலைவர் பார்க்காமலே போட்டார்.

"சார், நாங்க ஒத்துக்கறோம்" என்றாள் அக்கா. "நாப்பத்தொண்ணையும் எடுத்துக்குங்க. ஒரே ஒரு வேண்டுகோள். சான்றிதழை உரக்க வாசிக்கணும்னு விதி இருக்கில்ல? கண்டவன் வாசிச்சா நல்லா இருக்காது. உங்க குரல்ல இருந்தா அதுக்கே ஒரு மரியாதை வரும்."

தலைவருக்கு வெட்கமே வந்துவிட்டது. "நாங்க எவ்வளவு உழைச்சிருக்கோம்னு ஜனங்களும் தெரிஞ்சுக்கட்டும்" என்றார்.

படியில் இறங்கும்போது நான் கத்தினேன். "மருந்தே அந்தக் காட்சிதான்னு டாக்டர் சொன்னாரு. அதைத் தூக்கிக் குடுத்துட்டு வர்றியே, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"நீ பச்சை அடிச்சே. உன் அத்தானுக்கும் ஞாபகம் இல்ல. கீழ்ப்பாதி நீலம்னு அவனுக்கு எப்படிடா தெரியும்?" என்றாள் அக்கா. அதுவரை வரிக்கு வரி 'சார்' போட்டவள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஒலிப்பதிவு என் ஸ்டூடியோவில் நடந்தது. தலைவர் வெந்நீர் குடித்துக் குடித்து ஒரே மூச்சில் வாசித்தார். இடையில் நிறுத்தி, "அடிக்கிற இடத்துல கொஞ்சம் வேகம் கூட்டட்டுமா?" என்று கேட்டார். உங்கள் விருப்பம் என்றேன். சான்றிதழ் ஐம்பத்திரண்டு நிமிஷம் வந்தது. படம் ஒன்பது நிமிஷம் மிஞ்சியது. இரண்டு தடவை டீ குடிக்கிறார்கள், ஒரு தடவை ஏணியிலிருந்து விழுகிறார்கள்.

முதல் காட்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. உலகத்திலேயே நீளமான சான்றிதழ் என்று தியேட்டர்காரர் சுவரொட்டி ஒட்டியிருந்ததால் கூட்டம் நெரிந்தது. தலைவர் தன் குரலைக் கேட்க சொந்தக்காரர்கள் பதினான்கு பேரோடு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். நாங்கள் நான்கு வரிசை தள்ளி, அத்தானை நடுவில் வைத்து உட்கார்ந்தோம். விளக்கு அணைந்தது.

அந்தக் குரல் ஒலித்ததுமே அத்தானின் இரண்டு கையும் தானாக எழும்பிப் பிடரிக்குப் பின்னால் போய்விட்டன. அக்கா ஒரு கையை இறக்கிப் பிடித்துக்கொண்டாள். மற்றது இறங்கவில்லை.  "கூட்டிட்டுப் போயிடலாமாக்கா?" என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"நீக்கம் பதினேழு" என்றது குரல். வேன் நம்பரைச் சொன்னது. "கையில் ஊசியும் நூலுமாக நிற்கும் மனைவியிடம், பனியன் அணிந்த கணவர், 'நீ பட்டன் தைக்கிறதுக்குள்ள வந்துடறேன்' என்று கூறிச் செல்வது. நேரம், ஒரு நிமிடம் ஐம்பது வினாடி."

அத்தான் பிடரியிலிருந்து கையை எடுத்தார். திரும்பினார்.

"பட்டன் தைச்சாச்சா?"

"தைச்சாச்சுங்க" என்றாள் அக்கா. இந்தத் தடவை வாய் திறந்தது. "அன்னிக்கே தைச்சாச்சு."

"மூணு காஜா பிரிஞ்சிருந்துச்சே."

"அதையும் போட்டுட்டேன்."

அவர் அவள் கையை விடவில்லை. குரல் மேலே போய்க்கொண்டிருந்தது. "நீக்கம் இருபத்தொன்பது. கீழ்ப்பாதி நீல நிறமும் மேற்பாதி வெள்ளை நிறமும் பூசிய, ஜன்னல் இல்லாத அறையில், இடது பக்க மேசைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் அதிகாரி ஒருவர், நின்றுகொண்டிருக்கும் கணவரிடம், 'உன் பெயர் உனக்கே மறக்கும்வரை இங்கேதான் இருப்பாய்' என்று கூறி, ஈரத்துணி சுற்றிய தடியால்..."

அத்தான் எழுந்து நின்றார். சட்டைப்பையைத் தடவினார், சிவப்புப் பென்சிலைத் தேடியிருக்க வேண்டும். அச்சகத்தில் பேசுவாரே, அதே பணிவான குரலில், ஆனால் கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"நிறுத்துங்க, ஒரு பிழை இருக்கு. 'அதிகாரி ஒருவர்'னு தப்பா வந்திருக்கு. அந்த இடத்துல 'நான்'னு வரணும். வாசிக்கறவரு அவருதானே?"

ஆபரேட்டர் நிறுத்திவிட்டார்.  அப்போது பின்வரிசையில் மெஷின்மேன் எழுந்தார். "என் கண்ணைக் கட்டியிருந்தாங்க. குரல் இதுதான்." பால்கனியில் ஒரு பெண் எழுந்தாள். "எனக்கும் இதுதான்." பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். நான் இருபத்திரண்டு வரை எண்ணினேன். முன்வரிசையில் சொந்தக்காரர்கள் பதினான்கு பேரும் ஒவ்வொரு நாற்காலியாகத் தலைவரை விட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டிருந்தார்கள்.

மறுநாள் வாரியம் அவசரமாகக் கூடி, சான்றிதழிலிருந்து இருபத்தொன்பதை நீக்க உத்தரவிட்டது. சான்றிதழில் எதை நீக்கினாலும் அதைத் துல்லியமாக விவரித்துப் புதுச் சான்றிதழ் தர வேண்டும் என்று இம்மி எடுத்துச் சொன்னார். புதுச் சான்றிதழில் அந்தக் காட்சி இரண்டு தடவை வந்தது. அதையும் நீக்கினார்கள். நான்கு தடவை வந்தது. அதற்குமேல் நீக்க அவர்களிடம் தாள் இல்லை. கூட்டம் சான்றிதழுக்குத்தான் வந்தது, படம் ஆரம்பித்ததும் எழுந்து போய்விடுவார்கள்.

தலைவரால் கடைகண்ணிக்குப் போக முடியவில்லை. சோப்பு கேட்க வாயைத் திறந்தால் கடையில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு மாதத்தில் பேசுவதையே விட்டுவிட்டு, சீட்டில் எழுதிக் காட்ட ஆரம்பித்தார். எனக்கு அதில் சந்தோஷம்தான், மறைப்பானேன்.

விசாரணை ஆணையம் வைத்தார்கள். நீதிபதி கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் தலைவர் ஒரே சீட்டை நீட்டினார்: 'நினைவில்லை.' நினைவிழப்புக்கு அரசாங்கத்திடம் இருந்தது ஒரே படிவம்தான். இம்மி கொண்டுவந்து ஒன்பதாவது கட்டத்தைக் காட்டினார். தலைவர் வெகுநேரம் பார்த்துவிட்டு ஏணியில் டிக் அடித்தார். அஞ்சாவது படி என்று மருத்துவ உறுப்பினர் சான்று கொடுத்தார்.

சாட்சிக் கூண்டில் நின்ற அக்கா நீதிபதியைப் பார்த்து, "ஐயா, இது குணமாகிற வியாதிதான்" என்றாள். "எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் இருந்துச்சு. தியேட்டர்ல உக்காந்து கேட்டதும் திரும்ப வந்துச்சு. இவருக்கும் அதே வைத்தியத்தைப் பண்ணுங்க."

நீதிபதி பத்தாவது கட்டத்தில், 'சிகிச்சை' என்ற இடத்தில் எழுதினார்: தினமும் ஒரு காட்சி, நினைவு திரும்பும்வரை.

இப்போது தலைவர் தினமும் காலைக் காட்சிக்கு ஒரு காவலரோடு வந்து முன்வரிசையில் உட்காருகிறார். அவருக்கு நேர் பின்னால் அத்தான், காதில் சிவப்புப் பென்சிலோடு. அத்தானுக்கு எல்லாம் திரும்பிவிடவில்லை. சில சாயங்காலங்களில் இன்னும் "நான் கிளம்பறேங்க" என்று எழுந்துவிடுகிறார், அக்கா இன்னும் டீ போடுகிறாள். ஆனால் இருபத்தொன்பது வரும்போது மட்டும் அவர் மறப்பதேயில்லை. முன்னால் குனிந்து, தலைவரின் காதருகே மெல்லக் கேட்பார்:

"இன்னிக்காவது ஞாபகம் வந்துச்சா சார்?"

தலைவர் இல்லை என்று தலையாட்டுவார். வெளியே போகும்போது அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"பரவாயில்ல, நாளைக்கு வாங்க" என்பாள். "எங்களுக்கு அவரு வீடு திரும்பவே மூணு வருஷம் ஆச்சு. உங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல."